ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள கனமான வண்டிக்கு காயில் ஸ்பிரிங் தேர்வு: செட்டிநாட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய லேண்ட் க்ரூஸர் 100, லெக்ஸஸ் எல்எக்ஸ் 470, அதன் பின் வந்த எல்எக்ஸ் 570, 450டி போன்ற வண்டிகளை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பின்பக்கம் லோடு ஏற்றினால் அமுங்குது, நல்ல கெட்டியான ஸ்பிரிங் எது?" சாதாரண வண்டிக்கு இது சரியான கேள்வி. எண்ணெய் அழுத்தத்தால் உயரம் மாற்றும் ஏ.எச்.சி. அமைப்பு உள்ள வண்டிக்கு இது தவறான கேள்வி. அந்த வண்டியில் உயரத்தை முடிவு செய்வது ஸ்பிரிங் அல்ல. ஸ்பிரிங் முடிவு செய்வது, எண்ணெயின் மீது எவ்வளவு எடை விழுகிறது என்பதைத்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்தது. புரியாமல் கடையில் இருப்பதிலேயே கனமான ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினால், காசும் போகும், வண்டியின் சொகுசும் போகும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது?

நம் ஊரில் "ஹைட்ராலிக்" என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். எண்ணெய் நிரப்பிய சாதாரண ஷாக் அப்சார்பரையும் ஹைட்ராலிக் என்றே மெக்கானிக்குகள் சொல்வார்கள். அது எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் அழுத்தக் கணக்கு தேவையில்லை.

லேண்ட் க்ரூஸர் 200, ப்ராடோ 150 ஆகியவற்றில் சிலவற்றில் உள்ள கே.டி.எஸ்.எஸ். வேறு. அதில் எண்ணெய், முன்னும் பின்னும் உள்ள ஸ்டெபிலைசர் பார்களை மட்டுமே இணைக்கிறது. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும். எடையை முழுக்க ஸ்பிரிங்தான் சுமக்கும், ஆகவே உயரமும் ஸ்பிரிங்கைப் பொறுத்ததே. அதில் ஸ்பிரிங் மாற்றும்போது சேஸில் உள்ள கே.டி.எஸ்.எஸ். வால்வின் இரண்டு திருகுகளையும் தளர்த்திவிட்டுத்தான் வண்டியை ஜாக்கியில் தூக்க வேண்டும். வேலை முடிந்து வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே இறுக்க வேண்டும். மறந்தால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும், ஸ்பிரிங் தவறு என்று நினைத்து அலைவீர்கள்.

நிவோமேட் என்ற தானே உயர்த்திக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் மூன்றாவது வகை. அது எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் அதற்குரிய ஸ்பிரிங் மெலிதாகவே இருக்கும். அந்த ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் போட்டால் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இனிச் சொல்வது ஏ.எச்.சி. பற்றி. டேஷ்போர்டில் எச் (உயரம்), என் (வழக்கமான நிலை), எல் (தாழ்வு) என்று உயரம் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதுதான். எல்எக்ஸ் 470, லேண்ட் க்ரூஸர் 100 ஆகியவற்றில் முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் நேரான எஃகுக் கம்பி, பின்னால் காயில் ஸ்பிரிங். எல்எக்ஸ் 570 தலைமுறையில் நான்கு பக்கமும் காயில்.

எண்ணெயும் எஃகும் பங்கு போடும் கணக்கு

ஒரு மூட்டையை இருவர் பிடித்துத் தூக்குவது போலத்தான். ஒருவர் ஸ்பிரிங், மற்றவர் எண்ணெய். உயரம் அளக்கும் சென்சார்கள் வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் எவ்வளவு தாங்குகிறதோ அது போக மீதி எடையை, பம்ப் எண்ணெயை ஏற்றி, ஷாக் போன்ற சிலிண்டர்கள் வழியே தாங்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குண்டு, அதாவது நைட்ரஜன் அடைத்த உருண்டை, இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. ஒருபுறம் வாயு, மறுபுறம் எண்ணெய். பள்ளத்தில் விழும்போது எண்ணெய் அந்த வாயுவை அமுக்கும்.

பின்னால் கம்பி பம்பர், கூரைமேல் கேரியர், இரண்டாவது பேட்டரி என்று நிரந்தரமாக எடை கூடினால் ஸ்பிரிங் தாங்குவது மாறாது. கூடுதல் முழுவதும் எண்ணெய்மேல் விழும். அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற வாயுவின் இடம் சுருங்கும். சுருங்கிய வாயு கெட்டியாகிவிடும். அதனால்தான் அழுத்தம் மிஞ்சிய ஏ.எச்.சி. வண்டி அமுங்காது, ஆனால் ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் முதுகில் அடிக்கும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்: இந்த நிலையில் உள்ள வண்டிக்குச் சற்றுக் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் ஓட்டம் மெத்தென்று ஆகும். எண்ணெயின் சுமை குறைந்து வாயு மீண்டும் விரியும் என்பதுதான் காரணம்.

அளவு மீறினால் மறுபக்கம் கெடும். ஸ்பிரிங் மிகக் கனமானால் எண்ணெய்க்கு வேலையே இருக்காது. அழுத்தம் விழுந்துவிடும், குண்டுகள் வேலை செய்யும் எல்லைக்கு வெளியே போகும், காலி வண்டி பின்பக்கம் உதைக்கும். இன்னொன்று: எல் சுவிட்சைப் போட்டாலும் வண்டி முழுதாக இறங்காது, ஸ்பிரிங்கே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டரை டன் வண்டியில் ஆச்சிமார் ஏறி இறங்க அந்தத் தாழ்ந்த நிலைதான் உதவுகிறது. அதை இழப்பது சிறிய நஷ்டம் அல்ல.

ஆக, ஏ.எச்.சி. வண்டிக்கு ஸ்பிரிங் தேர்வு என்பது அழுத்தத்தைக் குறிப்பிட்ட எல்லைக்குள் கொண்டுவரும் வேலை. எல்எக்ஸ் 470 மற்றும் அதே அமைப்புள்ள லேண்ட் க்ரூஸர் 100-க்கு முன்பக்கம் 6.4 முதல் 7.4 மெகாபாஸ்கல், பின்பக்கம் 5.6 முதல் 6.7 மெகாபாஸ்கல். 1 மெகாபாஸ்கல் என்பது ஏறக்குறைய 145 பி.எஸ்.ஐ. மற்ற மாடல்களுக்கு எண்கள் வேறு. அந்த மாடலின் வொர்க்ஷாப் மேனுவலில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் எண்ணை மற்றதற்குப் பொருத்தாதீர்கள்.

ஸ்பிரிங்கைத் தொடும் முன் குண்டுகளைச் சோதியுங்கள்

குலுங்கலுக்குப் பாதி நேரம் ஸ்பிரிங் காரணமே இல்லை. பழைய வண்டியில் குண்டுகளின் நைட்ரஜன் மெல்லக் கசிந்து போயிருக்கும். குண்டு செத்த வண்டிக்கு எந்த ஸ்பிரிங் போட்டாலும் பலன் இல்லை.

சோதனை எளிது, காசும் ஆகாது. இன்ஜினை ஓடவிட்டு வண்டியை எல் நிலைக்கு இறக்குங்கள். போனட்டைத் திறந்து சஸ்பென்ஷன் எண்ணெய் டப்பாவில் உள்ள கோடுகளில் எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எச் நிலைக்கு உயர்த்தி, முழுதாக ஏறி நின்றபின் மறுபடி பாருங்கள். 470-இல் குண்டுகள் புதிதாக இருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே 14 கோடு வித்தியாசம் இருக்கும். 7 அல்லது அதற்குக் குறைவு என்றால் குண்டுகள் மாற்ற வேண்டியவை. இடையில் இருந்தால் ஸ்பிரிங் வேலையைச் செய்யலாம், ஆனால் குண்டுக்கும் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி எச் நிலைக்கே ஏற மறுத்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்: எண்ணெய் குறைவு, அல்லது அழுத்தம் எல்லை மீறிப் போயிருக்கிறது. பம்ப் சத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்பதும் அதே அறிகுறி.

டப்பாவில் எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தால் டொயோட்டாவின் ஏ.எச்.சி. சஸ்பென்ஷன் எண்ணெய் மட்டுமே. 2.5 லிட்டர் டின், பாகம் எண் 08886-01805. பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் போகும். "எல்லாம் ஒண்ணுதான்" என்று பவர் ஸ்டீயரிங் எண்ணெயை ஊற்ற வருகிற கையைத் தடுத்துவிடுங்கள்.

உயரம், சமம், அழுத்தம்: இந்த வரிசை மாறக் கூடாது

அளவெடுப்பதற்குச் சமதளம் வேண்டும். வீட்டு வாசலில் தெருப்பக்கம் சரிந்திருக்கும், அங்கே அளந்தால் எல்லாம் பொய். பெட்ரோல் பங்கின் சிமென்ட் தளம் அல்லது அரிசி மில்லின் எடைமேடை நல்லது. புதுவயல் பக்கத்து மில்களில் எடைமேடை கிடைக்கும். அங்கேயே எடையும் எடுத்துக்கொள்ளலாம், அது எப்படி என்று கீழே வருகிறது.

டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். 470-இன் டேங்க் 96 லிட்டர், பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 70 கிலோ. அது பாதியாக இருந்தால் அளவும் மாறும். டயர் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இறங்கியே அளக்க வேண்டும்.

வண்டியை எல்-க்கு இறக்கி, என்-க்கு ஏற்றி, நின்றதும் ஒவ்வொரு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நேர் மேலாக டேப் வைத்து அளங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் அளவு கணக்கைக் கெடுக்கும். 470-க்கு முன்பக்கம் சுமார் 500 மி.மீ., பின்பக்கம் சுமார் 520 மி.மீ. இருக்க வேண்டும். யாரோ முன்பே சென்சாரை நகர்த்தி வண்டியை உயர்த்தி வைத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். சென்சாரால் உயர்த்திய வண்டியில் ஸ்பிரிங் நீண்டு தளர்ந்து போய், எண்ணெய்தான் முழுப் பாரமும் தூக்கும், அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நிலையில் அழுத்தம் பார்த்து ஸ்பிரிங் வாங்கினால் தவறான ஸ்பிரிங்தான் வரும். முதலில் உயரத்தைச் சரியாக்குங்கள்.

அடுத்து இடது வலது வித்தியாசம். 470-இல் முன்பக்கச் சாய்வை டார்ஷன் பாரின் போல்ட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒருபக்கம் ஒரு சுற்று இறுக்கினால் மறுபக்கமும் சற்று நகரும், ஆகவே அரைச் சுற்றாகப் போங்கள். திருகும்போது போல்ட்டில் பாரம் இருக்கக் கூடாது, சேஸை ஜாக்கியில் தாங்கிவிட்டுத் திருகுங்கள், இல்லையென்றால் மரை கிழியும். ஒவ்வொரு முறையும் எல்-என் சுழற்சி செய்து மறுபடி அளங்கள்.

இவை இரண்டும் முடிந்த பிறகே அழுத்தம் பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரீம் என்ற டொயோட்டாவின் சோதனை மென்பொருளும் கேபிளும் உள்ளவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். மற்றவர்கள் மதுரை அல்லது திருச்சியில் அந்தக் கருவி உள்ள சர்வீஸ் சென்டரில், முன்பே பேசி உறுதி செய்துகொண்டு போங்கள். மெக்கானிக்கிடம் "ஏ.எச்.சி. முன் பின் அழுத்தம் இரண்டையும், எல்-லிருந்து என்-க்கு ஏறி நின்றபின் படிக்க வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிப் படித்து, எண்கள் நெருக்கமாக வருகிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு கிலோ குறைய வேண்டும்?

அழுத்தம் தெரிந்தாயிற்று. அதைக் கிலோவாக மாற்றினால்தான் ஸ்பிரிங் வாங்க முடியும். இதற்குப் புத்தகம் தேவையில்லை, அரிசி மூட்டை போதும்.

25 கிலோ அரிசி மூட்டை நான்கு எடுத்து, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வருமாறு வண்டிக்குள் அடுக்குங்கள். பின்கதவு ஓரம் வைத்தால் ஆக்சிலில் 100 கிலோவுக்கு மேல் விழும், சீட்டுக்கு முன்னால் வைத்தால் குறையும். வண்டி தானே உயரம் சரிசெய்யட்டும். பிறகு பின் அழுத்தத்தை மறுபடி படியுங்கள். ஏறிய அளவுதான் உங்கள் வண்டிக்கு 100 கிலோவின் விலை.

ஒரு கணக்கு பார்க்கலாம். எண்கள் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே, உங்கள் வண்டியின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான நிலையில் பின் அழுத்தம் 7.4. மூட்டை வைத்ததும் 8.2. ஆக 100 கிலோவுக்கு 0.8. எல்லை 5.6 முதல் 6.7. எப்போதாவது லோடு ஏற்றுவீர்கள் என்பதால் காலி நிலையை எல்லையின் கீழ்ப்பாதியில், 5.8-இல் வைக்க விரும்புகிறோம். 7.4-லிருந்து 5.8-க்கு 1.6 குறைய வேண்டும். 1.6-ஐ 0.8-ஆல் வகுத்தால் 2, அதாவது 200 கிலோ. இரண்டு ஸ்பிரிங்குக்கும் பகிர்ந்தால் பக்கத்துக்கு 100 கிலோ. இந்த 100 கிலோதான் நீங்கள் வாங்கப் போகிற பொருளின் அளவு.

இந்தக் கணக்கில் "வழக்கமான நிலை" என்றால் வருஷம் முழுக்க வண்டியில் இருப்பது மட்டும். கேரியர், பம்பர், டூல்ஸ், ஜாக்கி. கல்யாணச் சீருக்கு எவர்சில்வரும் பித்தளையும் ஏற்றுவது, பழனி பாதயாத்திரையில் நடப்பவர்களுக்குத் தண்ணீரும் சாப்பாட்டுப் பாத்திரங்களும் கொண்டு மெல்ல ஊர்ந்து போவது, வீடு பராமரிப்புக்கு ஆத்தங்குடிக் கல் ஏற்றி வருவது எல்லாம் எப்போதாவது வருபவை. அவற்றைத் தாங்கத்தான் எண்ணெயும் பம்பும் இருக்கின்றன. அவற்றுக்கென்று ஸ்பிரிங் வாங்கினால் மீதி நாளெல்லாம் உதை வாங்குவீர்கள். ஆத்தங்குடிக் கல்லை ஏற்றும் முன் ஒன்றை எடைபோட்டு எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். சிமென்ட் கல், பார்ப்பதைவிடக் கனம் அதிகம், நூறு கல்லே ஆக்சிலைத் திணற வைத்துவிடும்.

எடைமேடையில் முழு வண்டியை ஏற்றி ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒருமுறை எடை எடுங்கள். மேடை 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், அது போதும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் மாற்றியதால் அந்த எண் ஏறிவிடாது. பிரேக்கும் ஆக்சிலும் டயரும் பழையவைதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே என் நிலையின் உயரத்தை அசல் அளவிலேயே வைத்திருங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

அந்த 100 கிலோவை எப்படி வாங்குவது?

வண்டியின் உயரம் மாறாதது என்பதால், ஸ்பிரிங் உள்ளே நிற்கும் நீளமும் மாறாது. ஸ்பிரிங் தாங்கும் எடை = அதன் கெட்டித்தன்மை × அது அமுங்கிய அளவு. அமுங்கிய அளவு என்பது சும்மா இருக்கும்போதுள்ள நீளத்துக்கும் வண்டிக்குள் நிற்கும் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம். பழைய ஸ்பிரிங் மி.மீ.-க்கு 5 கிலோ கெட்டி, 120 மி.மீ. அமுங்கி நிற்கிறது என்று கொண்டால், அது தாங்குவது 600 கிலோ. நமக்கு 700 வேண்டும்.

முதல் வழி, புதிய அசல் ஸ்பிரிங். இதை யாரும் யோசிப்பதில்லை. 15, 20 வருஷ ஸ்பிரிங் தளர்ந்து குட்டையாகியிருக்கும். 15 மி.மீ. குட்டையாகியிருந்தாலே 15 × 5 = 75 கிலோ பக்கத்துக்கு இழந்திருக்கிறீர்கள். புதிய அசல் ஸ்பிரிங் அதை மீட்டுத் தரும், வண்டியின் குணமும் மாறாது. கூடுதல் சாமான் எதுவும் மாட்டாத பழைய வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே போதும். விற்பவர் "ஹெவி டியூட்டி" என்று எதை நீட்டினாலும், முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இரண்டாவது வழி, ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால் ஸ்பேசர், அதாவது ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வைக்கும் வளையம். 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 20 × 5 = 100 கிலோ. சரியாக வந்தது. சந்தையில் 30 மி.மீ. ஸ்பேசர் எளிதில் கிடைக்கும், அது இந்தக் கணக்கில் 150 கிலோ தூக்கும், நமக்கு அதிகம். ஸ்பேசரில் ஒரே கவனம்: ஸ்பிரிங் அத்தனை மி.மீ. கூடுதலாக அமுங்கும். ஆக்சில் மேலே வந்து முட்டும் ரப்பர் தடுப்பான பம்ப் ஸ்டாப் தொடும்போது சுருள்கள் ஒன்றையொன்று முட்டக் கூடாது. கம்பித் தடிமனைச் சுருள் எண்ணிக்கையால் பெருக்கினால் முழுதாக முட்டும் நீளம் கிடைக்கும். 16 மி.மீ. கம்பி, 8 சுருள் என்றால் 128 மி.மீ. பம்ப் ஸ்டாப் தொடும்போது ஸ்பேசர் போக ஸ்பிரிங்குக்கு இருக்கும் இடம் இதைவிடப் பத்து மி.மீ.-யாவது அதிகமாக இருக்கட்டும்.

மூன்றாவது வழிதான் கெட்டியான ஸ்பிரிங். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், காரணம் கம்பித் தடிமனின் வேகம். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். சுருளின் அகலம் 130 மி.மீ., வேலை செய்யும் சுருள் 6 என்று கொண்டால், 16 மி.மீ. கம்பிக்கு மி.மீ.-க்கு 5 கிலோ. 17 மி.மீ. கம்பிக்கு 6.4 கிலோ. ஒரே ஒரு மி.மீ.-க்கு 27 சதவீதம். 120 மி.மீ. அமுங்கலில் 768 கிலோ, அதாவது பக்கத்துக்கு 168 கிலோ கூடுதல், இரண்டு பக்கமும் 336. அழுத்தம் 2.7 விழுந்து 4.7-க்கு வந்துவிடும். எல்லை 5.6. "ஒரு சைஸ்தானே கூடுதல்" என்று எடுத்தவரின் வண்டி ஏன் உதைக்கிறது என்று இப்போது புரியும். 100 கிலோவுக்குக் கெட்டித்தன்மை 5.8 இருந்தால் போதும், 16.5 மி.மீ.-யை ஒட்டிய கம்பி.

ஆகவே கடையில் மூன்று எண்ணைக் கேட்டு வாங்குங்கள்: மி.மீ.-க்கு எத்தனை கிலோ அல்லது நியூட்டன் (1 கிலோ என்றால் 9.8 நியூட்டன்), சும்மா இருக்கும்போது நீளம், எந்த எடைக்கு வடிவமைத்தது. "2 இன்ச் லிஃப்ட்" என்று மட்டும் எழுதிய பெட்டி உங்களுக்கு உதவாது. ஏ.எச்.சி. இல்லாத வண்டிக்குச் செய்த ஸ்பிரிங் முழு எடையையும் தனியே தாங்கும்படி செய்தது, அது உங்கள் வண்டிக்குப் பெரும்பாலும் அளவுக்கு மீறிய கனம். ஏ.எச்.சி.க்கென்றே செய்த ஸ்பிரிங்கைக் கேளுங்கள்.

பொருள், க்ரோம்-சிலிக்கான் அல்லது க்ரோம்-வனேடியம் எஃகு. பவுடர் கோட்டிங் கீறாமல் இருக்க வேண்டும். தொண்டிப் பக்கம் கடற்கரைக்கு அடிக்கடி போகிற வண்டியில் கீறிய இடத்தில் துரு பிடித்து, அங்கிருந்தே விரிசல் ஓடும்.

எப்போதாவது மட்டும் கனமான லோடு, ஆனால் மிகக் கனமானது என்றால், ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை நல்ல ஏற்பாடு. லோடு வரும்போது காற்று ஏற்றலாம், இறங்கியதும் குறைக்கலாம். பின்பக்கக் காயிலுக்குள் ஷாக் இல்லாத வண்டியில்தான் பொருந்தும், 470-இல் பொருந்தும். முழுதாகக் காற்றை இறக்கிவிட்டு ஓட்டினால் பை மடிந்து கிழியும், சிறிதளவாவது வைத்திருங்கள்.

செய்யவே கூடாதவை: ஸ்பிரிங்கைப் பட்டறையில் சூடுபண்ணி நீட்டுவது, வெல்டிங் வைப்பது, சுருளை வெட்டுவது, சுருள்களுக்கு இடையே ரப்பர் பஃபர் திணிப்பது. சூடு எஃகின் பதத்தைக் கொன்றுவிடும், சில மாதத்தில் தளரும் அல்லது உடையும். பஃபர், அது பிடித்த சுருளை வேலை செய்யவிடாமல், மற்றச் சுருள்கள்மேல் முழுப் பாரத்தையும் தள்ளும்.

மாட்டும் வேலை

470-இன் பின்பக்கத்துக்கு வரிசை இது. 570 தலைமுறையின் முன்பக்கத்தில் ஸ்பிரிங் சிலிண்டரைச் சுற்றி அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஸ்பிரிங் கம்ப்ரஸரும் பழகிய கையும் வேண்டும், வீட்டில் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிர்ச்சேதம்.

1. முதல்நாளே அடிப்பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக் காயவிடுங்கள். நம் செம்மண் புழுதி எண்ணெய்க்குள் போனால் வால்வுகள் போய்விடும்.

2. வண்டியை எல்-க்கு இறக்கி, ஏ.எச்.சி. ஆஃப் சுவிட்சைப் போட்டு, இன்ஜினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏ.எச்.சி. தானே விழித்துக்கொண்டு வண்டி நகர்ந்தால் கீழே இருக்கும் கை நசுங்கும்.

3. பின் குண்டுகளில் எண்ணெயையும் காற்றையும் வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிளில் தெளிவான ட்யூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, 10 மி.மீ. ஸ்பானரால் மெல்லத் திறந்துவிடுங்கள். அழுத்தத்தோடு வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பாய்ச்சல் நின்றதும் மூடுங்கள்.

4. சேஸை ஆக்சில் ஸ்டாண்டில் தாங்குங்கள், முன் சக்கரத்துக்குக் கட்டை. ஆக்சிலுக்குக் கீழே தனி ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

5. பின் உயரச் சென்சாரின் கம்பியை முதலில் கழற்றுங்கள், அதன் நீளத்தை மாற்றாமல். பிறகு ஸ்டெபிலைசர் லிங்க், சிலிண்டர்களின் கீழ் போல்ட். ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், ஆக்சில் மூச்சுக்குழாய் மூன்றையும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். இழுத்தால் பிடிப்பைத் தளர்த்துங்கள்.

6. ஸ்பிரிங் வெளியே வந்ததும் மேல் கீழ் ரப்பர் இருக்கைகளைப் பாருங்கள். வெடித்திருந்தால் புதியது. புதிய ஸ்பிரிங்கின் முனை, கீழ் இருக்கையில் உள்ள தடுப்பை ஒட்டி உட்கார வேண்டும். இடது, வலது குறி இருந்தால் மாற்றிப் போடாதீர்கள்.

7. எல்லாவற்றையும் கைப்பிடி அளவுக்கு மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கியபின் புஷ் (ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கியபடி பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

8. எண்ணெய் நிரப்பி, பேட்டரி மாட்டி, ஏ.எச்.சி.யை ஆன் செய்து, எல்-என்-எச் சிலமுறை ஏற்றி இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை ப்ளீட் செய்யுங்கள். ஒவ்வொரு நிப்பிளைத் திறப்பதற்கு முன்பும் எல்-க்கு இறக்கி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். பாட்டிலில் வந்த பழைய எண்ணெயைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

மாட்டிய பிறகு

அதே சமதளத்தில், நிறைந்த டேங்கோடு, உயரம், சமம், அழுத்தம் என்று அதே வரிசையில் மறுபடி அளங்கள். பின்பக்கத்தில் எண்ணெயின் பாரம் குறைந்ததால் முன் அழுத்தமும் லேசாக நகர்ந்திருக்கும். முன் அழுத்தம் 7.4-ஐத் தாண்டியிருந்தால் இரண்டு டார்ஷன் பாரையும் சம அளவில் இறுக்குங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 0.2 மெகாபாஸ்கல் குறையும். முன்பக்கத்தைத் தொட்டால் வீல் அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம்.

பின் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே இருந்தால் முதலில் ஸ்பிரிங் முனை இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சென்சார் கம்பியின் நீளம் மாறிவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பிதான். 5.6-க்குக் கீழே போயிருந்தால் ஸ்பிரிங் அதிகம். ஸ்பேசர் என்றால் மெல்லியதாக மாற்றுங்கள், ஸ்பிரிங் என்றால் திருப்பித் தர முடியுமா என்று வாங்கும்போதே பேசிவைத்திருப்பது நல்லது.

எல் நிலை முழுதாக இறங்குகிறதா, எச் தடையில்லாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். இரவில் ஹெட்லைட் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் சாலையில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கக் கூடாது.

புதிய ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் ஓரிரு மி.மீ. படியும். 1000 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளின் டார்க்கையும் பின் அழுத்தத்தையும் இன்னொருமுறை பார்த்து, தேதியோடும் எண்ணோடும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை அழுத்தம் ஏறினால் அது ஸ்பிரிங்கின் தளர்ச்சியா, வண்டியில் புதிதாக ஏறிய சாமானா என்று அந்த எண்தான் சொல்லும்.